மும்பைப் பாறைக் கரையில் கடல் உயிர்க் கணக்கெடுப்பு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

தாராவியிலோ செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இருந்துகொண்டு கடல் ஆராய்ச்சி செய்ய முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும், படகும் வேண்டாம், முங்கு நீச்சலும் வேண்டாம். மும்பையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் மூன்றரை மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும், சென்னை மெரினாவில் அது சுமார் ஒரு மீட்டர்தான். அதாவது கடலுக்கடியில் கிடக்கிற பெரிய பாறைப் பரப்பு ஒன்று கொஞ்ச நேரத்துக்கு நம் காலுக்குக் கீழே திறந்து கிடக்கிறது. இப்படி ஒரு வசதி நம் ஊர்ப் பக்கத்துக் கரைகள் பலவற்றில் கிடையாது.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையில் சுற்றிச் சுற்றி அழகான உயிர்களைப் படம் எடுப்பது நல்ல பழக்கம்தான், அதை மட்டும் வைத்துக்கொண்டு கடல் மாறுகிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. எங்கே பார்க்கப் போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும், அங்கே இருப்பதையும் இல்லாததையும் ஒரே முறையில் எழுத வேண்டும், அப்புறம் அதே பாறைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பள்ளி மாணவன் எடுத்த கணக்கும் ஆராய்ச்சிதான்.

பெரிய கண்டுபிடிப்புகளே இப்படி வந்திருக்கின்றன. ஸ்காட்லாந்துக் கரையில் ஜோசப் கான்னெல் என்பவர் கொட்டலசுகளை (பாறையில் ஒட்டி வாழும் ஓட்டு உயிர், ஆங்கிலத்தில் பார்னக்கிள்) பாறையிலிருந்து விலக்கியும் விட்டும் பார்த்து, ஓர் உயிர் பாறையில் எவ்வளவு மேலே வாழலாம் என்பதை வெயிலும் வறட்சியும் முடிவு செய்கின்றன, எவ்வளவு கீழே வாழலாம் என்பதைப் பெரும்பாலும் பக்கத்து உயிரோடு நடக்கும் போட்டி முடிவு செய்கிறது என்று 1961-இல் காட்டினார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ராபர்ட் பெய்ன் 1963 முதல் ஒரு பாறைத் துண்டிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் எடுத்து எடுத்துக் கடலில் வீசிக்கொண்டே இருந்தார். சில வருடங்களில் அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன, மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிட்டு மட்டிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு வீட்டில் நடுத்தூணை எடுத்தால் என்ன ஆகுமோ அதுபோல ஒரே ஓர் இனத்தை எடுத்தால் மொத்தமும் ஆட்டம் காணும் என்ற கருத்து அங்கிருந்துதான் வந்தது.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

"மும்பைக் கடலில் என்னென்ன இருக்கிறது" என்பது கேள்வி இல்லை, அதற்கு முடிவே கிடையாது. "கழிவுநீர்க் கால்வாய் கலக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் தள்ளியும் கொட்டலசு மூடியிருக்கும் பரப்பில் வித்தியாசம் உண்டா", "மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் நெரிட்டா நத்தைகளின் எண்ணிக்கை மாறுகிறதா", இவைதான் கேள்விகள். ஒரே வரியில் எழுத வராவிட்டால் கரைக்குப் போவதைத் தள்ளிப் போடுங்கள்.

இடங்களை ஒப்பிடுவதானால், கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு பாறை, தூரத்தில் ஒரு பாறை என்று எடுத்தால் போதாது. அந்த இரண்டு பாறைகளும் கால்வாயைத் தவிர இன்னும் பத்து விஷயங்களில் வேறுபடும், சரிவு, நிழல், அலையின் வேகம் எல்லாமே. பக்கத்தில் மூன்று, தள்ளி மூன்று என்றாவது இருக்க வேண்டும். ஒரே பாறையில் ஐம்பது சதுரம் போட்டாலும் அது ஒரு பாறைதான். பட்டப்படிப்புத் திட்டக்கட்டுரைகள் பலவும் வழுக்கி விழுகிற இடம் இது.

படி 2: இடம்

மும்பைக் கரையின் பாறைகள் கருங்கல் போல இருக்கும் பசால்ட், தக்காணத்தில் சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடிய எரிமலைக் குழம்பு இறுகியவை. பாந்த்ராவில் கார்ட்டர் ரோடும் பேண்ட்ஸ்டாண்டும் ஆரம்பிக்க நல்ல இடங்கள், கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் நேராகப் போய் இறங்கலாம், செம்பூர்க்காரர்கள் வடாலாவில் மாற வேண்டும். ஹாஜி அலி, ஜுஹு, நேப்பியன் சீ ரோடு பக்கமும் பாறைகள் உண்டு. ஹாஜி அலி, வொர்லியில் கல்பவளங்களே வளர்கின்றன, கடற்கரைச் சாலை வேலைக்காக 2020-இல் அங்கிருந்து சில பவளத் திட்டுகளைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள். இவ்வளவு கழிவுநீர் கலக்கும் ஊரில் பவளம் உயிரோடு இருக்கிறது என்பதே எனக்கு இன்னும் ஆச்சரியம்.

சேவ்ரி பக்கத்துச் சேற்று நிலத்தில் பூநாரைகளைப் பார்க்கலாம், இறங்கி நடக்கக் கூடாது, இடுப்பு வரை உள்ளே போய்விடும். தாணே கழிமுகத்தில் 2015-இல் அறிவித்த பூநாரைச் சரணாலயப் பகுதியில் எதைச் செய்வதானாலும் வனத்துறை அனுமதி வேண்டும். கொலாபாவில் கடற்படைப் பகுதிக்குப் பக்கம் கேமராவோடு போய் நிற்காதீர்கள்.

தேர்ந்தெடுத்த இடத்தில் மீனவ மக்கள் இருந்தால் முதல் வேலை அவர்களிடம் பேசுவது. கோலி இனப் பெண்கள் தண்ணீர் வற்றும் நேரத்தில் பாறையிலிருந்து ஆளி என்ற சிப்பியின் சதையைக் கொத்தி எடுப்பார்கள், அது அவர்கள் பிழைப்பு. "மாவ்ஷி, இங்கே கொஞ்சம் அளந்துகொள்ளலாமா" என்று இந்தியிலோ மராத்தியிலோ கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். எந்தப் பாறையில் எந்த மாதம் எது குறைந்தது என்று அவர்கள் சொல்வதையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

படி 3: நேரம்

இதில் தவறினால் மற்ற எதுவும் பயனில்லை. ஓத அட்டவணையை இந்திய நில அளவைத் துறை ஒவ்வொரு ஆண்டும் வெளியிடுகிறது, ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனமும் இணையத்தில் கணிப்புத் தருகிறது. அதில் 0.6 மீட்டர் என்று போட்டிருந்தால் வரைபட அடிமட்டத்துக்கு (கடல் மிக அதிகமாக வற்றும்போது நிற்கும் மட்டம்) மேல் அவ்வளவு தண்ணீர் என்று அர்த்தம், எண் சிறிதாக இருந்தால் பாறை அதிகம் தெரியும். 0.7-க்குக் கீழே வரும் நாட்களைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வற்று 1.8 மீட்டர் சுற்றியே நின்றுவிடும், அன்றைக்குப் போனால் கீழ்ப்பகுதி தெரியவே தெரியாது.

மும்பையில் அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும், அதனால் பெரிய வற்று காலை ஆறு மணி, மாலை ஆறு மணி பக்கம் விழும். அடுத்தடுத்த நாட்களில் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். எனக்குக் காலைதான் பிடிக்கும், வெளிச்சம் ஏறிக்கொண்டே வரும், கூட்டமும் இருக்காது.

வற்றுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய், இறங்கும் தண்ணீரின் பின்னாலேயே போங்கள். வற்று முடிந்து அரை மணி நேரத்தில் மேலேறிவிட வேண்டும். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், கடல் ஒரே வேகத்தில் ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணி நேரம் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவது மணியில் இரண்டு பங்கு, மூன்றாவது, நான்காவது மணிகளில் மூன்று மூன்று பங்கு. மொத்தம் 4 மீட்டர் என்றால் மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் ஒரு மீட்டர் ஏறும். நீங்கள் நிற்கும் மேட்டைச் சுற்றிப் பின்னால் இருக்கும் பள்ளம்தான் முதலில் நிரம்பும், திரும்பும் வழி அப்படித்தான் அடைபடுகிறது. தனியாகப் போகாதீர்கள், ஒருவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அலையும் வழுக்கலும் சேர்ந்து வரும், அந்த மாதங்களில் பாறையில் இறங்கவே வேண்டாம்.

படி 4: சாமான்கள்

முக்கியமானது குவாட்ராட், அதாவது அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டம். அரை இஞ்ச் பிவிசி பைப்பில் 50 சென்டிமீட்டர் துண்டுகள் நாலு, மூலைக்கு எல்போ நாலு. ஒவ்வொரு பக்கத்திலும் 10 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் 25 சிறு கட்டங்கள் கிடைக்கும், ஒரு கட்டம் 4 சதவீதம். பைப்பின் அடியில் இன்னும் சில துளைகள் போடுங்கள், இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொண்டு பாறைக் குட்டையில் மிதக்கும்.

30 மீட்டர் அளவு டேப், பென்சில், மழைக்கும் கிழியாத தாள் அல்லது லேமினேட் செய்த அட்டை, எஃகு ஸ்கேல், ஒரு குடை. பேனா வேண்டாம். பிரின்சஸ் ஸ்ட்ரீட் பக்கம் ஆய்வகச் சாமான் கடைகளில் வெப்பமானியும், உப்புத்தன்மை பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் விசாரித்து வாங்கலாம். கெட்டியான அடிப்பாகமுள்ள, கணுக்காலை மூடும் ஷூ கட்டாயம். செருப்போடு வந்து ஆளி ஓட்டில் காலைக் கிழித்துக்கொண்டால் அந்தத் தண்ணீரில் புண் சுலபமாக ஆறாது.

படி 5: கரையில் செய்ய வேண்டியது

கரையின் மேல்விளிம்பிலிருந்து கடலை நோக்கி நேராக டேப்பை விரியுங்கள். பாறை மேலிருந்து கீழே மூன்று பட்டைகளாகப் பிரிந்திருப்பது கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். மேலே குட்டி லிட்டோரினா நத்தைகள், நடுவில் கொட்டலசும் ஆளியும் நெரிட்டாவும், கீழே கடற்பாசி, கடற்பஞ்சு, கடற்சாமந்தி (சீ அனிமோன்), அதன் உறவான சோவாந்திட் உயிர்களின் கூட்டங்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஐந்து குவாட்ராட்டாவது போட வேண்டும்.

எங்கே போடுவது என்பதை வீட்டிலேயே போனில் எழுந்தமான (ரேண்டம்) எண்களை எடுத்து எழுதி வாருங்கள்: டேப்பில் எத்தனையாவது மீட்டர், வலமா இடமா, எத்தனை அடி. கரைக்கு வந்து கண்ணால் தேர்ந்தெடுத்தால் கை தானாகவே அழகான கடற்சாமந்தி இருக்கும் பக்கம்தான் போகும், அந்தக் கணக்கு உங்கள் ரசனையைச் சொல்லுமே தவிர கடலைச் சொல்லாது.

எங்களோடு வந்த பக்கத்து வீட்டுப் பையன் ஒருமுறை மேல் பட்டையில் சட்டத்தை வைத்துவிட்டு, "அண்ணா, இதுல ஒண்ணுமே இல்ல, அடுத்ததுக்குப் போயிடலாமா?" என்றான்.

"போகலாம் தம்பி, சைபர்னு எழுதிட்டுப் போ. எழுதாம விட்டா நாம பார்க்கவே இல்லைன்னு ஆயிடும்."

இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வேன். தாளில் காலியாக விட்ட இடமும் 0 என்று எழுதிய இடமும் ஒன்றில்லை. ஐந்து வருடம் கழித்து அந்தக் கட்டத்தில் ஒரு நத்தை வந்தால், அது புதிதாக வந்ததா முன்பே இருந்ததா என்று சொல்லப்போவது அந்தச் சைபர் மட்டும்தான்.

எண்ணும் முறை இரண்டு. நத்தை, நண்டு, கடற்சாமந்தி போலத் தனித்தனியாக இருப்பவற்றைத் தலை எண்ணுங்கள். கொட்டலசு, பாசி, கடற்பஞ்சு போலப் படர்ந்து கிடப்பவற்றுக்குச் சதவீதம்: 25 கட்டங்களில் எத்தனை கட்டம் மூடியிருக்கிறது என்று பார்த்து, பாதி கட்டத்தைப் பாதியாகச் சேர்த்து 4-ஆல் பெருக்குங்கள். வெறும் பாறை எத்தனை சதவீதம் என்பதும் ஒரு வரி. கொட்டலசில் உயிருள்ளதையும் காலி ஓட்டையும் பிரித்து எழுத வேண்டும். குனிந்து கிட்டத்தில் பார்த்தால் தெரியும், உயிருள்ளதன் வாயில் இரண்டு கதவு போல ஓட்டுத் தகடுகள் இறுக மூடியிருக்கும், செத்தது கிண்ணம் மாதிரி திறந்து கிடக்கும், சில சமயம் அதற்குள் ஒரு குட்டி நத்தை வெயிலுக்கு ஒதுங்கியிருக்கும். அந்த நத்தையையும் எண்ணுங்கள்.

முதல் சில சட்டங்களை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எண்ணி ஒப்பிடுங்கள். ஒருவர் 40 சதவீதம் என்று சொல்லும் இடத்தில் இன்னொருவர் 60 என்றால், கடலில் மாற்றம் தேடுவதற்கு முன் உங்கள் இருவர் கண்ணையும் ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

கல்லைப் புரட்டினால் அதே இடத்தில், அதே பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி வையுங்கள். அடிப்பக்கத்தில் வாழும் உயிர்கள் வெயில் பட்டால் செத்துவிடும். காலி சங்கைக்கூட எடுத்துவர வேண்டாம், துறவி நண்டுக்கு அதுதான் வீடு. கல்பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, கையில் எடுப்பதே குற்றம். கூம்பு வடிவச் சங்கு எதையும் தொடாதீர்கள், அதற்குள் இருக்கும் நத்தை விஷ ஊசியால் குத்தும். மழைக்காலத்தில் கரை ஒதுங்கும் நீல நிற ப்ளூ பாட்டில் செத்துக் கிடந்தாலும் கொட்டும்.

படி 6: தண்ணீர்

வெப்பநிலை, உப்புத்தன்மை, நேரம் மூன்றும் ஆரம்பத்துக்குப் போதும். ரிஃப்ராக்டோமீட்டரை ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரில் சைபருக்குச் சரிசெய்யுங்கள். கண்ணாடித் தகட்டில் இரண்டு சொட்டு விட்டு மூடியை அழுத்தினால் காற்றுக் குமிழி இல்லாமல் நீர் பரவ வேண்டும், வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் எண் தெரியும். திறந்த அரபிக் கடலில் ஆயிரத்துக்கு 35, 36 என்று இருக்கும், மழைக்காலத்தில் கரையோரத்தில் நன்றாக இறங்கிவிடும்.

கரைந்த ஆக்சிஜன் பார்க்க ஆசைப்பட்டால் விங்க்ளர் முறையில் சொட்டு எண்ணும் கிட் போதும், 1888-இல் வந்த முறை, இன்றும் மற்ற கருவிகளைச் சரிபார்க்க இதைத்தான் நம்புகிறார்கள். 28 டிகிரிக் கடல் நீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல் தாங்கும், 2-க்குக் கீழே போனால் பெரும்பாலான விலங்குகள் திணறும். ஒரு எச்சரிக்கை: பாசி நிறைந்த குட்டையில் விடிகாலையில் ஆக்சிஜன் குறைந்தும் மதியம் ஏறியும் இருக்கும், பாசி பகலில் ஆக்சிஜனை விடுகிறது, இரவில் தானும் மூச்சுவிடுகிறது. காலை எடுத்த எண்ணையும் மாலை எடுத்த எண்ணையும் ஒப்பிட்டு மாசு கூடிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

படி 7: படமும் பெயரும்

ஒவ்வொரு சட்டத்துக்கும் நேர் மேலிருந்து ஒரு படம், குடையால் முழுச் சட்டத்துக்கும் நிழல் கொடுத்து. பாதி வெயில் பாதி நிழல் படத்தில் எதையும் எண்ண முடியாது. குட்டைக்குள் இருப்பதற்குப் போலரைஸ்டு கூலிங் கிளாஸை லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள், மினுமினுப்பு மறைந்து அடி தெரியும். அளவுக்கு ஸ்கேல் வையுங்கள். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால், டேப் ஆரம்பிக்கும் இடத்தில் நின்று பின்னணியில் கட்டடங்கள் தெரியும்படி இரண்டு திசையில் படம் எடுத்து வைத்தால் அடுத்த முறை அதே இடம் கிடைக்கும்.

பெயர் தெரியாவிட்டால் தெரிந்த மட்டத்தோடு நிறுத்துங்கள். "நெரிட்டா, இனம் தெரியவில்லை" என்பது நேர்மையான தகவல். உயிர்களின் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றினால் மற்றவர்களும் பார்த்துச் சொல்வார்கள், பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓர் இனத்தை ஒத்துக்கொண்டால் அது ஆராய்ச்சித் தரம் பெறும். மும்பைக் கரை உயிர்களுக்கு 2017-இல் தொடங்கிய 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' முயற்சியின் பதிவுகள் அங்கே நிறைய இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

படி 8: கணக்கு

அன்று ராத்திரிக்குள் தாளில் உள்ளதைக் கணினியில் ஏற்றுங்கள், ஒரு வாரம் போனால் உங்கள் கிறுக்கல் உங்களுக்கே புரியாது. ஒரு சட்டத்தில் ஓர் உயிருக்கு ஒரு வரி: தேதி, நேரம், இடம், பட்டை, சட்ட எண், பெயர், எண்ணிக்கை அல்லது சதவீதம், எண்ணியவர். ஈரத் தாளையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

இன வளத்தை ஒரே எண்ணில் பார்க்க ஷானன் குறியீடு பழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அந்தப் பங்கின் இயல் மடக்கையால் (கால்குலேட்டரில் ln) பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினால் வந்துவிடும். நாலு நத்தை இனங்கள் 40, 30, 20, 10 என்று இருந்தால் 1.28. அதே நாலு இனங்கள் 97, 1, 1, 1 என்று இருந்தால் 0.17. இரண்டிலும் இனங்கள் நாலுதான், இரண்டாவதில் ஒரே இனம் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. ஆனால் குறியீட்டை மட்டும் எழுதி மூல எண்களை விட்டுவிட்டால் யாராலும் அதை மறுபடி சரிபார்க்க முடியாது, அதனால் மூல அட்டவணைதான் உங்கள் உண்மையான சொத்து.

மழைக்கு முன் ஏப்ரல், மே ஒரு சுற்று, மழை விட்டபின் அக்டோபர், நவம்பர் ஒரு சுற்று, பிப்ரவரியில் ஒன்று. ஆண்டுக்கு மூன்று, ஒவ்வொன்றும் அதே அளவு வற்று உள்ள நாளில். ஒரு வருடத்து எண்களை வைத்துக் கடல் அழிகிறது என்றோ பிழைத்துக்கொண்டது என்றோ பேச வேண்டாம், மூன்று வருடமாவது ஆகட்டும், அப்போதுதான் பருவ மாற்றத்தையும் மற்ற மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க முடியும்.

அந்த அளவுக்கு வந்ததும் அட்டவணையை எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரி விலங்கியல் துறைக்கோ, வெர்சோவாவில் இருக்கும் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்துக்கோ போய்க் காட்டுங்கள். போகும்போது எப்படி எண்ணினீர்கள், சட்டம் எவ்வளவு பெரியது, யார் எண்ணினார்கள், எந்த நாளை ஏன் விட்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்து வையுங்கள், அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.